காங்க்ரா பாட்டியும் தூத்துக்குடி உப்பும்

ஊரிலிருந்து அம்மா சண்டிகருக்கு வருகிறார் என்றால் கூடவே வரும் சாமான்களுக்கு ஒரு வரிசை உண்டு. கருப்பட்டி, வத்தல், நல்லெண்ணெய், இட்லிப்பொடி... எல்லாவற்றுக்கும் அடியில், இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு இறுக்கிக் கட்டிய மூன்று கிலோ கல் உப்பு. திருக்குறள் எக்ஸ்பிரஸில் தில்லி வந்து, அங்கே வேறு வண்டி மாறி, இவ்வளவு தூரம் உப்பைச் சுமக்க வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "இங்க உப்பு கிடைக்காதாம்மா?" "கிடைக்கும். அது உப்பாடே?" என்பார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அப்பா ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பாத்தியில் உப்பு வாருவதையும் கரையில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடுவதையும் பார்த்து வளர்ந்தவன் நான். வீட்டில் உப்புக்குக் காசு கொடுத்ததாக நினைவே இல்லை. அடுப்படியில் உப்பு மரவை எப்போதும் நிறைந்திருக்கும்.

2007-இல் என் மனைவி முதல் குழந்தையை உண்டாகியிருந்தார். இங்கே பார்த்த பஞ்சாபி டாக்டரம்மா, ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் புரட்டிவிட்டு, தைராய்டு கொஞ்சம் மந்தமாக இருப்பதாகச் சொன்னார். அடுத்த கேள்வி, "வீட்டில் என்ன உப்பு?" நான் கொஞ்சம் பெருமையாகவே, எங்கள் ஊரிலிருந்து வரும் கடல் உப்பு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தைராய்டு மந்தத்துக்குப் பல காரணங்கள் உண்டு, உப்பால்தான் இது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அயோடின் இல்லாத உப்பு வேண்டவே வேண்டாம் என்றார். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவுக்குக் கோபம். "கடல் தண்ணியில இல்லாத சத்தா அவ சொல்லுத பாக்கெட்டுல இருக்கு?" மனைவியோ அத்தையையும் எதிர்க்க முடியாமல், டாக்டரையும் மீற முடியாமல் தவித்தார். ஒரு வாரம் எங்கள் அடுக்களையில் இரண்டு உப்பு ஜாடிகள் இருந்தன. எந்தக் குழம்பில் எது விழுந்தது என்று அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். :-)

அம்மா கேட்டது ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. அன்றைக்கு எனக்கும் அதே சந்தேகம்தான். கடலில் அயோடின் இருக்கிறது, கடல் மீனிலும் கடல் பாசியிலும் இருக்கிறது, கடல் உப்பில் மட்டும் எங்கே போயிற்று? விஷயம் இதுதான். கடல் நீரில் உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் இருக்கிறது. அயோடினோ ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீனும் பாசியும் அதைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. உப்புப் படிகத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பாத்தியில் விளைந்து வெளுத்து நிற்கும் உப்பில் தேறுவது மிகச் சொற்பம். நம் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். ஆயுசு முழுக்கச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டிதான் வரும். ஆனால் அது தினமும் வர வேண்டும். கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயின் வழியாக வர வேண்டும். வராவிட்டால் தாய்க்குக் கழுத்தில் கழலை, பிள்ளைக்கு மூளை வளர்ச்சியில் குறை. கழுத்து வீங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. பள்ளியில் ஒரு பிள்ளை எப்போதும் பின்தங்கி நிற்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, ஒரு பாட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். அடுத்த வருடம் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் காங்க்ரா பள்ளத்தாக்கில் பாலம்பூர் பக்கம் போயிருந்தோம். நண்பரின் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். கழுத்தில் ஒரு சின்னத் தேங்காய் அளவுக்கு வீக்கம். அந்தக் கிழவிக்கு அதைப் பற்றிக் கூச்சமே இல்லை. துப்பட்டாவை நகர்த்தி அவரே காட்டினார். அவர் வயதில் பாதிப்பேருக்கு இது இருந்தது என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகள்களுக்கு லேசாக. பேத்திகளுக்குச் சுத்தமாக இல்லை. ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக் கழுத்துகள்! நான் உப்பு விளைகிற ஊர்க்காரன் என்று நண்பர் அறிமுகப்படுத்தியதும், பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்கள் உப்பு வந்துதான் எங்கள் பெண்கள் பிழைத்தார்கள்."

எங்கள் உப்பு இல்லை பாட்டி, அது வேறு உப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மலையில் மழையும் பனியாறும் ஆயிரமாயிரம் வருடங்களாக மண்ணைக் கழுவிக்கொண்டே இருக்கின்றன. அயோடின் அதோடு போய்விடுகிறது. அந்த மண்ணில் விளைகிற கோதுமையிலும் அது இல்லை, அங்கே மேய்கிற மாட்டின் பாலிலும் இல்லை. உப்பாவது கடலிலிருந்து வந்ததா என்றால், பழைய பஞ்சாபுக்கு உப்பு வந்தது கேவ்ரா சுரங்கத்துப் பாறையிலிருந்து. மண்டிப் பக்கம் திராங், கும்மா சுரங்கங்களும் உண்டு. (நம் நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சாதிதான்.) 1947-இல் பிரிவினையோடு கேவ்ரா பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. சுதந்திரம் வாங்கிய கையோடு உப்பை இறக்குமதி செய்த நாடு நாம். 1953-இல்தான் தன்னிறைவு.

1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவரோடு வேலை செய்தவர்களும் காங்க்ராவுக்கு வந்தார்கள். ஸ்ரீகாகுளத்தில் பிறந்தவர், பிற்பாடு தில்லி எய்ம்ஸ் இயக்குநர், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல். மூன்றிலும் நூற்றுக்குச் சுமார் 38 பேருக்குக் கழலை. முதல் பகுதிக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, மூன்றாவதற்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு, நடுப் பகுதிக்கு வெறும் உப்பு. யாருக்கும் மாத்திரை இல்லை, ஊசி இல்லை, "இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே" என்று வகுப்பு எடுக்கவில்லை. அவரவர் வழக்கம்போல ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டார்கள். ஆறு வருடத்தில் அயோடின் போன இரண்டு பகுதிகளிலும் கழலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. நடுப் பகுதியில் பெரிய மாற்றம் இல்லை. அப்புறம் அங்கேயும் அயோடின் உப்பு போயிற்று.

நடுப் பகுதி மக்களை ஆறு வருடம் காக்க வைத்தது சரியா என்று இன்றைக்கு உட்கார்ந்து கேட்கலாம். எனக்கும் அது உறுத்துகிறது. பாட்டியின் ஊர் எந்தப் பகுதியில் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு பாடமும் அதில் கிடைத்தது. வெளிநாட்டில், சுவிட்சர்லாந்தில் 1922-லும் அமெரிக்காவின் மிச்சிகனில் 1924-லும், உப்பில் அயோடின் கலக்க ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவில் கலந்தது அயோடைடு. காய்ந்த, பொடித்த, அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் உப்புக்கு அது சரி. நம் உப்பு ஈரம் கசியும் சாக்கு மூட்டையில், திறந்த லாரியில், மழையில் நனைந்து போகிற உப்பு. அயோடேட் அந்தப் பாட்டையெல்லாம் தாங்கும். சாதாரண மலிவு உப்பிலேயே இது நடக்கும், சீமை உப்பு தேவையில்லை என்பது பெரிய விஷயம். செலவும் கிலோவுக்குச் சில காசுகள்தான்.

1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. யுனிசெஃப் உதவியோடு அயோடின் கலக்கும் ஆலைகள் வந்தன. ஆனால் இருபது வருடம் அது நொண்டிக்கொண்டே நடந்தது. அரசு ஆலைகள் மட்டும்தான் தயாரிக்கலாம், நோய் இருக்கிற மாவட்டங்களுக்கு மட்டும்தான் போகும் என்று வைத்திருந்தார்கள். அயோடின் உப்பு போகும் மாவட்டத்துக்கே பக்கத்து மாவட்டத்திலிருந்து வெறும் உப்பு மலிவாக வந்து இறங்கினால் என்ன செய்ய முடியும்? இதற்குள் டாக்டர் கொச்சுப்பிள்ளை முதலானோர் உத்தரப் பிரதேசத்தின் கோண்டா போன்ற சமவெளி மாவட்டங்களில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து, தைராய்டு குறையோடு பிறக்கும் பிள்ளைகள் அங்கே எவ்வளவு அதிகம் என்று காட்டினார்கள். இது மலைக்காரர்கள் வியாதி என்ற நினைப்பு அதோடு போயிற்று. எந்த மாநிலத்தில் தேடினாலும் கிடைத்தது, கடலோரம் உட்பட. 1983-84 வாக்கில், சாப்பிடும் உப்பு முழுவதிலும் அயோடின் கலப்பது என்றும், தனியாரும் தயாரிக்கலாம் என்றும் முடிவானது. டாடா உப்பு பாக்கெட் வந்ததும் 1983-இல்தான்.

இங்கேதான் எங்கள் அப்பா கதைக்குள் வருகிறார்.

அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று மத்திய அரசு 1998-இல் தடை கொண்டுவந்தது. 2000-இல் அதே தடையை நீக்கியது. 2006 மே மாதம் மறுபடி கொண்டுவந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம், அந்த விதியை அப்போதிருந்த சட்டத்தின் கீழ் போட அதிகாரமில்லை என்று சொல்லி, ஆனால் பொதுநலன் கருதி ஆறு மாதம் தொடரட்டும் என்றது. அதற்குள் புதிய உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இடம்பெற்றுவிட்டது. இப்படி ஊஞ்சலாடியது சட்டம். 2000-இல் நீக்கியபோது அப்பா தெருவில் எல்லோருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

"வேதாரண்யத்துல ராஜாஜி எதுக்குலே அடி வாங்கினாரு? உப்பு எடுக்கதுக்கு எவன்கிட்டயும் கேக்க வேண்டாம்னுதான. இப்ப நம்ம சர்க்காரே கேட்டுட்டு வில்லுன்னு சொல்லுதான்." அப்பா அடிக்கடி சொன்னது இது. (ராஜாஜி 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்டு, 30-ஆம் தேதி உப்பு எடுத்துக் கைதானார். அடி வாங்கியது பெரும்பாலும் கூட வந்தவர்களும் சோறு போட்டவர்களும். அப்பாவிடம் இதையெல்லாம் திருத்த முடியாது.) மதராஸ் மாகாணத்தில் கம்பெனி 1805-இல் உப்பைத் தன் ஏகபோகமாக்கியதிலிருந்து 1947-இல் வரி ஒழியும் வரை ஏழைக்கு உப்பு எட்டாமல் செய்ததுதான் நம் உப்புச் சரித்திரம். சர்க்கார் உப்பில் கை வைத்தாலே சந்தேகப்படுவது எங்கள் பக்கத்து ரத்தத்தில் ஊறியது.

அப்பாவின் கோபத்தில் பாதி நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன். பத்து ஏக்கர் அளம் வைத்திருப்பவர் அயோடின் தெளிக்கும் இயந்திரம் வாங்க வேண்டும், பரிசோதனை செய்ய வேண்டும், பாக்கெட் போட வேண்டும். கலக்கிற அயோடினுக்குச் சில காசு, பாக்கெட்டுக்கும் விளம்பரத்துக்கும் பல ரூபாய். பெரிய கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். சின்ன ஆள் வியாபாரியிடம் வந்த விலைக்கு மூட்டையைத் தள்ளிவிட வேண்டியதுதான். மீதிப் பாதியில் அப்பா சொன்னது தப்பு. அவர் கணக்கில் காங்க்ரா பாட்டிக்கு இடமே இல்லை.

இந்தக் கணக்குகளைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1998-99 தேசியக் குடும்ப நல ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் இமாச்சலில் நூற்றுக்குச் சுமார் 90. தமிழ்நாட்டில் 21! சரி, அது அந்தக் காலம் என்று விடலாமென்றால், 2018-19-இல் நடந்த அயோடின் ஆய்விலும் இந்திய சராசரி 76.3 சதவீதம். ஜம்மு காஷ்மீர், நாகாலாந்து, மணிப்பூர் எல்லாம் 99-க்கு மேல். கடைசி இடத்தில் தமிழ்நாடு, 61.9. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிக உப்பு விளைவிக்கும் மாநிலம் நாம். சத்துணவு, ரேஷன், ஆரம்ப சுகாதார நிலையம் என்று எதை எடுத்தாலும் மற்றவர்களுக்கு வழிகாட்டும் மாநிலம். உப்பில் மட்டும் கடைசி.

ஏன்? விடை ரயிலில் இருக்கிறது. நாகாலாந்துக்கு உப்பு போக வேண்டுமென்றால் குஜராத்திலிருந்து முழு ரயிலாகப் போக வேண்டும். ஏற்றும் இடத்தில் உப்புத் துறைக்காரர்கள் சோதிக்கிறார்கள். அந்த ஒரு வாசலைத் தாண்டாமல் ஒரு மூட்டை உப்பும் போக முடியாது. தூத்துக்குடி உப்பு மதுரைக்கும் தேனிக்கும் போக எந்த வாசலும் வேண்டாம். லாரியில் போகும், வேனில் போகும், சைக்கிளில் சாக்கு வைத்துக் கூவிக்கொண்டு தெருவுக்கே வரும். சங்க காலத்து உமணர்கள் மாட்டு வண்டியில் உப்பு கொண்டுபோனதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. போதாததற்கு, கல் உப்பைக் கழுவியோ கரைத்து வடிகட்டியோ போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. மேலே தெளித்திருந்த கொஞ்சம் அயோடேட்டும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். ஆக, உப்பு எங்கே தூரமோ அங்கே அயோடின் போய்ச் சேர்ந்தது. உப்பு எங்கே காலடியிலேயே கிடக்கிறதோ அங்கே சேரவில்லை.

தமிழ்நாடு சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகம், ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் அளம் நடத்துகிறது. அயோடினோடு இரும்புச் சத்தும் சேர்த்த உப்பைச் சத்துணவுக் கூடங்களுக்குக் கொடுத்தார்கள். நல்ல யோசனை. பிள்ளையும் கேட்கப் போவதில்லை, ஆயாவும் கேட்கப் போவதில்லை, சாம்பாரில் தானாகப் போய்ச் சேரும். இரும்பையும் அயோடினையும் ஒரே உப்பில் போட்டால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு வழி கண்டது. கனடாவில் இன்னொரு வழி கண்டார்கள். அங்கே ஒட்டாவாவில் மைக்ரோநியூட்ரியன்ட் இனிஷியேட்டிவ் அமைப்பின் தலைவராக இருந்து இதற்குப் பாடுபட்ட வெங்கடேஷ் மன்னார், சென்னையில் உப்புத் தொழில் செய்த குடும்பத்துக்காரர். நம்மைப் போல வெளியூர் போனவர்தான், உப்பை மறக்கவில்லை! 2014-இல் அம்மா உப்பு வந்தபோது, இரும்பும் அயோடினும் சேர்ந்தது கிலோ 14 ரூபாய், சாதா அயோடின் உப்பு 10 ரூபாய். எனக்கு இந்த 10 ரூபாய் உப்புதான் முக்கியமாகப் படுகிறது. சட்டம் போட்டுத் தடுப்பதைவிட, நல்ல உப்பைச் சாக்கு உப்பின் விலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் ஜனங்கள் தானாக வாங்குவார்கள்.

வெளியூர் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது நம் குடும்ப வாட்ஸப் குழுக்களில் சுற்றுவது வேறு கதை. அயோடின் உப்பு கம்பெனிகளின் சதி, அதில் சயனைடு இருக்கிறது, கல் உப்புக்கும் ஹிமாலயன் பிங்க் சால்ட்டுக்கும் மாறுங்கள் என்று. கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் ஃபெரோசயனைடு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, அதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, விஷமாகப் பிரியாது. அந்த பிங்க் சால்ட் பெரும்பாலும் கேவ்ரா பாறைதான். காங்க்ரா பாட்டியின் மாமியார்கள் சின்னத் தேங்காயைக் கழுத்தில் சுமந்துகொண்டு சாப்பிட்ட உப்பை, நாம் நூறு ரூபாய் கொடுத்து டப்பாவில் வாங்குகிறோம். கல் உப்புதான் பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள், அயோடின் கலந்த கல் உப்பும் கடையில் இருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அளவு மட்டும் கூட வேண்டாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டு உப்பில் 15 பிபிஎம் இருக்க வேண்டும் என்ற கணக்கு நாம் 10 கிராம் தின்போம் என்று போட்டது. உப்பைக் குறைக்கச் சொன்னால் அயோடினைக் கொஞ்சம் கூட்டவும் வேண்டியிருக்கும்.

2007-இல் வயிற்றில் இருந்தவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஓர் உப்புச் சோதனைக் குப்பியை எடுத்துக்கொண்டு போனாள். உப்பின் மேல் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் ஊதா நிறம் வரும். ஆச்சியின் அடுப்படியில் உட்கார்ந்து முதலில் மரவை உப்பில் விட்டாள். வெள்ளையாகவே இருந்தது. ரேஷன் கடைப் பாக்கெட்டைப் பிரித்து ஒரு சொட்டு. கத்திரிப்பூ நிறம்.

அம்மா கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா இருந்திருந்தால் குப்பியில்தான் கோளாறு என்றிருப்பார்.

"சரிட்டீ, கொழம்புக்கு இதப் போடுதேன்" என்றார் அம்மா பேத்தியிடம். "ஊறுகாக்கு நம்ம உப்புதான்."

ஊறுகாய்க்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை.